65% ஹாட்ஸ்வாப் போர்டுக்கு ஸ்விட்ச்: லீனியரா டேக்டைலா, எத்தனை கிராம்?

அரைவட்டம்

வணக்கம். நாமே பூட்டிக்கொள்ளும் 65% மெக்கானிக்கல் கீபோர்டு கிட் (எண் பலகையும் எஃப் விசை வரிசையும் இல்லாத சிறியது) ஒன்று வாங்கிவிட்டேன். அலுமினிய உறை, கேஸ்கெட் மவுன்ட் (பிளேட் மெத்தைப் பட்டைமேல் உட்காரும்), ஸ்விட்ச்சைப் பிடித்திருக்கும் பாலிகார்பனேட் பிளேட், ஹாட்ஸ்வாப் பிசிபி (சாலிடர் இல்லாமல் ஸ்விட்ச்சைக் கழற்றி மாட்டும் மின்பலகை). கீகேப் செர்ரி ப்ரொஃபைல் என்ற வடிவம், பிபிடி பிளாஸ்டிக். விசைக்கு அடியில் மாட்டும் ஸ்விட்ச் மட்டும் பாக்கி. அங்கேதான் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

இப்போது புழங்குவது பிரவுன் ஸ்விட்ச் (டேக்டைல், அதாவது அழுத்தும் வழியில் மேடு தட்டுப்படும் வகை) போட்ட ரெடிமேட் கீபோர்டு. மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேடு என்று சொல்கிறார்களே, அது இருக்கிறதா இல்லையா என்றே பாதி நேரம் தெரிவதில்லை. ஒரு கரகரப்பு மட்டும் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

பகல் முழுக்க எழுத்து வேலை, நடுநடுவே நிரல். கேம் எப்போதாவது. ராத்திரி தட்டும்போது அதே அறையில் இன்னொருவர் தூங்குவார், அதனால் கிளிக் சத்தம் போடும் கிளிக்கி வகை வேண்டாம். வீடியோ பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஒருவர் மேடே இல்லாமல் சீராக இறங்கும் லீனியரைத் தவிர எதையும் தொடாதே என்கிறார், அடுத்தவர் லீனியரில் தட்டினால் தட்டிய உணர்வே வராது என்கிறார். ஒரே ஸ்விட்ச் ஒரு வீடியோவில் ஆழமாக ஒலிக்கிறது, இன்னொன்றில் தகரம் மாதிரி. எங்கிருந்து தொடங்குவது?

கம்பிச்சுருள்

லீனியரா டேக்டைலா என்பதை ஓரமாக வையுங்கள். முதலில் எடை. மணிக்கணக்கில் தட்டுகிறவருக்கு ஒரு ஸ்விட்ச் ஒத்துவருமா வராதா என்பதைப் பெரும்பாலும் ஸ்பிரிங்தான் தீர்மானிக்கும். வண்ணப் பெயர்கள் எல்லாம் அதற்கு அப்புறம்.

விற்பனைப் பக்கத்தில் போடும் கிராம் கணக்கு எந்த இடத்தில் அளந்தது என்று பாருங்கள். இரண்டு எண் உண்டு. விசை பதிவாகும் இடத்தில் தேவைப்படும் அழுத்தம் ஒன்று, அடியில் போய் மோதும்போது இருக்கும் அழுத்தம் இன்னொன்று. செர்ரி எம்எக்ஸ் ரெட்டுக்கு 45 சென்டிநியூட்டன் என்று போட்டிருப்பது முதல் கணக்கு, அதாவது 2 மில்லிமீட்டர் இறங்கிய இடத்தில். சென்டிநியூட்டனைப் பார்த்து மிரள வேண்டாம், ஒரு சென்டிநியூட்டன் ஏறக்குறைய ஒரு கிராம் எடைதான். மொத்தப் பயணம் 4 மில்லிமீட்டர். அடிக்குப் போய்ச் சேரும்போது அதே ரெட் 60 பக்கம் வந்துவிடும். ஸீலியோ ஸ்விட்ச்சுகளுக்கு 62, 65, 67, 78 என்று போடுவது இரண்டாவது கணக்கு. இதைக் கவனிக்காமல் 45ஐயும் 62ஐயும் பக்கத்தில் வைத்து ஒன்று லேசு, மற்றது கனம் என்று முடிவுகட்டுகிற ஆட்கள் நிறைய. ஸ்பிரிங்கை மட்டும் பார்த்தால் அடியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே கிடையாது.

அடுத்தது, அழுத்தம் எப்படி ஏறுகிறது என்பது. சாதாரண ஸ்பிரிங் மேலே லேசாகத் தொடங்கி, கீழே போகப் போகக் கனக்கும். 20 மில்லிமீட்டருக்கு மேல் நீளமான ஸ்பிரிங் ஹவுசிங்குக்குள் (ஸ்விட்ச்சின் வெளிக்கூடு) போகும்போதே நன்றாக அமுங்கித்தான் உட்காரும். அதனால் தொடக்கத்திலேயே கெட்டி, அடிவரை அவ்வளவாக மாறாது. விரலை மேலே திருப்பித் தள்ளுவதும் சுறுசுறுப்பாக இருக்கும். விசைமேல் விரலை ஊன்றியே வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது நல்லது, தானாக எழுத்து விழுவது குறையும்.

உங்களிடம் கேட்க வேண்டியது இரண்டுதான். அடிவரை மோதித் தட்டுகிறீர்களா? நீங்கள் அழுத்த நினைக்காத எழுத்து விழுகிறதா?

நீலக்கட்சி

கிளிக்கி வேண்டாம் என்று முதல் பதிவிலேயே எழுதிவிட்டார். எனக்கு இங்கே வேலை இல்லை. ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன்.

மேடுபள்ளம்

பிரவுனை வைத்து டேக்டைல் குடும்பத்தையே எடைபோடாதீர்கள், நண்பரே. பிரவுனில் மேட்டின் உச்சி 55 பக்கம், விசை பதிவாகும் இடம் 45 பக்கம். நடுவில் பத்துதான் வித்தியாசம். அதற்குள் ஸ்டெம் (விசையோடு மேலும் கீழும் நகரும் தண்டு) உரசுகிற கரகரப்பும் சேர்ந்துகொண்டால் எது மேடு, எது உரசல் என்று விரலுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

மேடு எப்படி உண்டாகிறது என்று ஒருமுறை ஸ்விட்ச்சைத் திறந்து பாருங்கள். ஸ்டெம்மின் பக்கவாட்டில் இரண்டு சிறிய கால் இருக்கும். அது உள்ளே இருக்கும் உலோகத் தகட்டை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு இறங்குகிறது. கால் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறதோ, தகடு எவ்வளவு விறைப்போ, அவ்வளவு மேடு. ஹோலி பாண்டா பிறந்ததே அப்படித்தான். இன்வைர் பாண்டா என்ற லீனியர் ஸ்விட்ச்சின் ஹவுசிங்குக்குள் ஹேலோ ஸ்விட்ச்சின் ஸ்டெம்மை ஆர்வலர்கள் மாற்றிப் போட்டார்கள். ஹேலோவில் இருந்தபோது சாதுவாக இருந்த அதே ஸ்டெம் இங்கே வந்ததும் பெரிய மேடு கொடுத்தது.

உங்களுக்கு ராத்திரிச் சத்தம் ஒரு பிரச்சினை என்பதால் போபா யு4 பாருங்கள். சைலன்ட் டேக்டைல். மேடு மேலேயே தொடங்கிவிடும், வெற்றுப் பயணம் கிடையாது. பகலுக்கு மட்டும் என்றால் யு4டி சொல்லியிருப்பேன், அதில் சத்தத்தை அடக்கும் ரப்பர் இல்லை, சத்தம் ஜோராக இருக்கும்.

கம்பிச்சுருள்

யு4 நல்ல ஸ்விட்ச், மறுக்கவில்லை. ஆனால் பகல் முழுக்க எழுதுகிறவருக்குப் பெரிய மேட்டைப் பரிந்துரைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த உச்சியைத் தாண்டியாக வேண்டும். ஸ்பிரிங் 62 என்று போட்டிருந்தாலும் விரல் செலவழிப்பது மேட்டின் உச்சிக்கான அழுத்தத்தைத்தான். அதைப் பெரும்பாலும் எந்த விற்பனைப் பக்கத்திலும் போடுவதில்லை.

இன்னொன்று. மேடு தெரிந்தால் அடியில் மோதாமல் பாதியிலேயே விரலை எடுத்துவிடலாம் என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். வேகமாகத் தட்டும்போது யாரும் அப்படி எடுப்பதில்லை. மேட்டைத் தாண்டக் கொடுத்த அழுத்தம் தாண்டியதும் எங்கே போகும்? நேராக அடிக்குத்தான்.

மேடுபள்ளம்

அடியில் மோதாமல் இருப்பதற்காக யார் டேக்டைல் போடுகிறார்கள்? விசை பதிவானது விரலுக்குத் தெரிய வேண்டும், அதுதான் விஷயம். லீனியரில் அது அடியில் போய் மோதினால்தான் தெரியும். அதாவது உங்கள் லீனியர்காரர்கள்தான் மோதியே தீர வேண்டியவர்கள்.

அப்புறம், மேட்டின் உச்சியும் விசை பதிவாகும் புள்ளியும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்று நீங்கள் சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான டேக்டைல்களில் உச்சியைத் தாண்டி இறங்கும் வழியில்தான் பதிவாகும். மேட்டைத் தாண்டினால் எழுத்து விழுந்துவிட்டது என்று விரல் நம்பலாம். அது போதும்.

அரைவட்டம்

கம்பிச்சுருள் கேட்டதற்கு: ஆமாம், ஒவ்வொரு எழுத்துக்கும் அடிவரை மோதுகிறேன். கவனித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தெரியாமல் எழுத்து விழுவது கிடையாது. சாயங்காலம் ஆனால் வலது சுண்டுவிரல் மட்டும் களைத்துவிடுகிறது. பேக்ஸ்பேஸ், என்டர், ஷிஃப்ட் எல்லாம் அதன் தலையில்தான்.

கம்பிச்சுருள்

அப்படியென்றால் இப்போது இருப்பதைவிடக் கனமாகப் போகாதீர்கள். லீனியர் என்றால் பதிவாகும் இடத்தில் 45 முதல் 50, அடியில் 60 பக்கம். கேட்டரான் யெல்லோ 50. அதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டு ஏறலாம், இறங்கலாம். அதைவிட லேசாக 35 அளவுக்குப் போனால் விரலை ஊன்றினாலே எழுத்து விழும். செர்ரி பிளாக் மாதிரி 60 உங்கள் சுண்டுவிரலுக்கு வேண்டவே வேண்டாம்.

சும்மா ஒரு தகவல்: டோப்ரேயின் ரியல்ஃபோர்ஸ் கீபோர்டுகளில் எடை பிரித்து அமைத்த மாடல் உண்டு. சுண்டுவிரல் தொடும் விசைகளுக்கு 30 கிராம், மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 45. டோப்ரே வேறு தொழில்நுட்பம், ரப்பர் கிண்ணமும் மின்தேக்க உணர்வும் சேர்ந்தது, உங்கள் போர்டில் அது உட்காராது. ஆனால் யோசனையைத் திருடலாம். உங்களிடம் இருப்பது ஹாட்ஸ்வாப், எந்த விசைக்கு வேண்டுமானாலும் வேறு ஸ்பிரிங் போடலாம்.

சாலிடர்புகை

எடைச் சண்டை நடக்கட்டும். சத்தம் பற்றிக் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வீடியோவில் கேட்பது ஸ்விட்ச்சின் சத்தம் அல்ல. உறை, பிளேட், உள்ளே அடைத்த ஃபோம், கீகேப்பின் தடிமன், மேசை, மைக் எல்லாம் சேர்ந்த சத்தம். பித்தளை பிளேட்டில் கூர்மையாக ஒலிக்கும் அதே ஸ்விட்ச் உங்கள் பாலிகார்பனேட் பிளேட்டில் ஒரு சுருதி இறங்கித்தான் கேட்கும். மெல்லிய ஏபிஎஸ் கீகேப்பைக் கழற்றித் தடித்த பிபிடி போட்டாலே ஆள் மாறிவிடும். தொக் (ஆழமான ஒலி) வேண்டுமா கிளாக் (கூர்மையான ஒலி) வேண்டுமா என்று ஸ்விட்ச் பட்டியலில் தேடுவது பாதி வீண்.

ஸ்விட்ச்சின் பங்கு என்று பார்த்தால், நைலான் ஹவுசிங் பொதுவாக அடக்கமாக ஒலிக்கும், பாலிகார்பனேட் ஹவுசிங் கொஞ்சம் கூர்மை. லாங் போல் ஸ்டெம் என்று போட்டிருந்தால் ஸ்டெம்மின் நடுத்தண்டு நீளம். அது முதலில் போய் அடியைத் தொட்டுவிடும், பயணம் 4 மில்லிமீட்டருக்குக் குறையும், மோதல் சத்தம் பளிச்சென்று கேட்கும். அறையில் ஆள் தூங்குகிறார் என்றால் லாங் போல் பக்கமே போகாதீர்கள்.

சைலன்ட் ஸ்விட்ச்சில் ஸ்டெம்மின் மேலும் கீழும் சிறிய ரப்பர் இருக்கும். அடியில் மோதும் சத்தம், விரலை எடுக்கும்போது ஸ்டெம் மேலே வந்து இடிக்கும் சத்தம், இரண்டும் அடங்கும். கீகேப்புக்கு அடியில் ஓ-ரிங் மாட்டினால் போதுமே என்பார்கள். அது கீழ்ச் சத்தத்தை மட்டும்தான் குறைக்கும், மேலே இடிப்பது அப்படியே இருக்கும். ரப்பருக்கு இடம் கொடுத்ததால் பயணமும் கொஞ்சம் குறையும். செர்ரி சைலன்ட் ரெட்டில் மொத்தம் 3.7 மில்லிமீட்டர்தான்.

வாங்கும் முன் உங்கள் பிசிபியில் இரண்டு விஷயம் பாருங்கள். எல்இடி எந்தப் பக்கம்? ஸ்விட்ச்சின் மேல்பக்கம், அதாவது நம்பர் வரிசையை நோக்கி இருந்தால் அது நார்த் ஃபேசிங். அதில் செர்ரி ப்ரொஃபைல் கீகேப் சில ஸ்விட்ச்சின் மேல் ஹவுசிங்கில் இடிக்கும். முழுதாக இறங்கும் முன்பே தட்டி நிற்கும், சத்தமும் கெடும். லாங் போல் போட்டால் இடிக்காமல் தப்பலாம், ஆனால் உங்களுக்கு அது ஆகாது என்று இப்போதுதான் சொன்னேன். இரண்டாவது, ஸ்விட்ச் 5 பின்னா 3 பின்னா. 5 பின் ஸ்விட்ச்சில் இரண்டு பிளாஸ்டிக் கால் கூடுதல். பிசிபியில் அதற்கு ஓட்டை இல்லையென்றால் நகவெட்டியால் அந்த இரண்டையும் நறுக்கிவிடலாம். மின்சாரம் ஓடுவது உலோகக் கால் இரண்டில்தான்.

அரைவட்டம்

பார்த்துவிட்டேன். சவுத் ஃபேசிங், 5 பின் ஓட்டையும் இருக்கிறது. நிம்மதி.

வேகவிரல்

எல்லாரும் பழைய ஸ்விட்ச்சையே பேசுகிறீர்கள். ஹால் எஃபெக்ட் எனும் காந்த ஸ்விட்ச் போட்டால் பதிவாகும் இடத்தை 0.1 மில்லிமீட்டரில்கூட வைத்துக்கொள்ளலாம், ரேபிட் ட்ரிகர் வேறு இருக்கிறது. இவ்வளவு யோசனையே தேவையில்லையே?

சாலிடர்புகை

அவர் பிசிபி ஏற்கெனவே வாங்கிவிட்டார், தம்பி. காந்த ஸ்விட்ச்சில் உலோகத் தொடர்பே கிடையாது. ஸ்டெம்மில் காந்தம், அதன் தூரத்தை அளக்கும் சென்சார் பிசிபியில். சாதாரண ஹாட்ஸ்வாப் பிசிபியில் அந்த சென்சார் இல்லை, மாட்டினாலும் ஒன்றும் நடக்காது. காந்த ஸ்விட்ச்சுக்குள்ளேயும் காந்தத்தின் வலிமை, எந்த முனை கீழே என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

கம்பிச்சுருள்

தவிர, 0.1இல் வைத்து ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். விரல் உரசினாலே எழுத்து விழும். ரேபிட் ட்ரிகர் கேமுக்கு நல்ல வசதி: விரலை லேசாகத் தூக்கியதுமே விசை விடுபட்டுவிடும். எழுத்து வேலைக்கு அதனால் என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை.

எண்ணெய்க்கை

லூப், அதாவது ஸ்விட்ச்சுக்குள் மசகு தடவுவது பற்றி ஒரு வார்த்தை. இப்போது பல ஸ்விட்ச் ஃபேக்டரியிலேயே லூப் செய்து வருகிறது. முதல் போர்டுக்கு அதையே எடுங்கள். கையால் செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை: 65% என்றால் 67, 68 ஸ்விட்ச் வரும், ஒவ்வொன்றையும் திறந்து, தடவி, மூடி.

செய்தே தீருவேன் என்றால் லீனியருக்கு க்ரைடாக்ஸ் 205ஜி0. ஸ்டெம் வழுக்கி இறங்கும் தடங்களில் தூரிகையால் மெல்லிசாக. வெள்ளையாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அதிகம் என்று அர்த்தம். விசை சோம்பேறித்தனமாகத் திரும்பும். டேக்டைலுக்கு ட்ரிபோசிஸ் 3203 மாதிரி இலகுவானது போதும், ஸ்டெம்மின் காலில் மட்டும் படவே கூடாது. பட்டால் மேடு கரைந்துவிடும், மேடுபள்ளம் அண்ணன் அழுவார். ஸ்பிரிங்குகளை ஒரு பையில் கொட்டி, 105 எண்ணெய் சில சொட்டு விட்டுக் குலுக்கினால் அந்த ‘ணிங்’ போய்விடும்.

ஹவுசிங்கின் இரண்டு பாதிக்கும் நடுவே செருகும் மெல்லிய ஃபிலிமைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். மேல் ஹவுசிங்கும் கீழ் ஹவுசிங்கும் ஆடினால்தான் அது தேவை. இறுக்கமான ஹவுசிங்கில் செருகினால் கொக்கி சரியாக மூடாது.

நீலக்கட்சி

கிளிக்கியில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. லூப் போட்டால் கிளிக் போய்விடும், அதனால் போடுவதே இல்லை. சும்மா சொல்லி வைத்தேன்.

கம்பிச்சுருள்

அரைவட்டம், ஸ்விட்ச் டெஸ்டர் என்று கண்ணாடிப் பெட்டியில் ஒன்பதோ பன்னிரண்டோ விற்பார்கள். அதை வாங்காதீர்கள். ஒற்றை ஸ்விட்ச்சை ஒற்றை விரலால் மெதுவாக அமுக்கிப் பார்த்தால் பெரிய மேடு எல்லாருக்கும் பிடிக்கும், கனமான ஸ்பிரிங்கும் பிடிக்கும். பத்துப் பத்தாக வரும் பாக்கெட்டில் இரண்டு மூன்று வகை எடுங்கள். உங்கள் போர்டிலேயே, உங்கள் கீகேப்போடு, நடு வரிசையில் மாட்டி வழக்கமான வேலையைச் செய்யுங்கள். சுண்டுவிரல் என்ன சொல்கிறது என்று சாயங்காலம் கேளுங்கள்.

சாலிடர்புகை

மாட்டும்போது பிசிபியின் பின்பக்கம், சாக்கெட்டுக்கு அடியில் ஒரு விரலை வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். தாங்காமல் மேலிருந்து அழுத்தினால் சாக்கெட் பேடோடு பெயர்ந்து வரலாம். ஸ்விட்ச்சை நேராக இறக்குங்கள், சாய்த்து அழுத்தினால் கால் மடங்கும்.

அரைவட்டம்

எல்லாருக்கும் நன்றி. மூன்று பாக்கெட் எடுத்து மாட்டிப் பார்த்தேன்: யு4 62 கிராம், லூப் செய்து வந்த ஒரு 50 கிராம் லீனியர், அதே அளவு எடையில் ஒரு சைலன்ட் லீனியர்.

யு4 முதல் அரைமணி நேரம் பிரமாதம். மேடுபள்ளம் சொன்னது புரிந்தது, எழுத்து விழுந்தது விரலுக்கு அப்படியே தெரிகிறது. ஆனால் சுண்டுவிரலில் இருந்த விசைகள் சாயங்காலம் வேலை வாங்கிவிட்டன. சாதாரண லீனியர் கைக்கு மிக இதம், சத்தமும் எனக்குப் பிடித்தது. ராத்திரிக்குத்தான் ஆகாது. சைலன்ட் லீனியர் அடியில் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. முதலில் பிடிக்கவில்லை, அடியில் மோதித் தட்டுகிற எனக்கு இது பரவாயில்லை என்று அப்புறம் தோன்றியது.

முடிவு: போர்டு முழுக்க சைலன்ட் லீனியர். வலது சுண்டுவிரல் விசைகளுக்கு மட்டும் ஒருபடி லேசான ஸ்பிரிங் மாற்றலாம் என்றிருக்கிறேன். ஸ்பேஸ்பாருக்கும் லேசானது போடலாமா? எத்தனை வாங்குவது?

மேடுபள்ளம்

சுண்டுவிரல் பகுதியில் சைலன்ட் லீனியர், மற்ற இடங்களில் யு4 என்று கலந்து போட்டிருக்கலாமே. சரி, உங்கள் விரல், உங்கள் முடிவு.

கம்பிச்சுருள்

ஸ்பேஸ்பாருக்கு லேசானது வேண்டாம். நீளமான கீகேப், எடை அதிகம், கூடவே நீள விசை சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் வேறு. லேசான ஸ்பிரிங் போட்டால் மேலே திரும்பி வரத் தயங்கும். சிலர் அங்கே மட்டும் ஒருபடி கனமாகவே போடுவார்கள். பேக்ஸ்பேஸ், என்டரிலும் ஸ்டெபிலைசர் இருக்கிறது, அதனால் லேசான ஸ்பிரிங்கை முதலில் ஒன்றில் மட்டும் போட்டு, ஒழுங்காகத் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை மாற்றுங்கள்.

எண்ணிக்கை: விசைகளின் எண்ணிக்கைக்கு மேல் நாலைந்து கூடுதலாக. அடுத்த தயாரிப்பில் அதே பெயரில் வருவது வேறு அச்சில் வார்த்ததாக இருக்கலாம், பிறகு தனியாக ஒன்றிரண்டு தேடி அலைய முடியாது.

அரைவட்டம்

மாட்டிவிட்டேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒரு விசை மட்டும் எழுத்தே விழவில்லை. சாக்கெட் போய்விட்டதா?

சாலிடர்புகை

பதறாதீர்கள். ஸ்விட்ச்சைக் கழற்றிக் காலைப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது தடவை கால் மடங்கி ஸ்விட்ச்சின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். சிறிய இடுக்கியால் நிமிர்த்தி மறுபடி மாட்டுங்கள். கால் நேராக இருந்தும் விழவில்லை என்றால், நன்றாக வேலை செய்யும் பக்கத்து ஸ்விட்ச்சை அங்கே மாற்றிப் பாருங்கள். அதுவும் விழவில்லை என்றால்தான் சாக்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

அரைவட்டம்

மடங்கித்தான் இருந்தது. நிமிர்த்தி மாட்டினேன், விழுகிறது. என்டரில் லேசான ஸ்பிரிங் போட்டேன், தயங்காமல் திரும்புகிறது. பேக்ஸ்பேஸ் மட்டும் கடகடவென்று ஆடுகிறது. இதற்கு எந்த ஸ்விட்ச் போட்டால் சரியாகும்?

எண்ணெய்க்கை

எதைப் போட்டாலும் ஆகாது. அது ஸ்டெபிலைசர் கம்பி. தனி இழை தொடங்குங்கள், தூரிகையோடு வருகிறேன்.